கலையாத நட்சத்திரக் கொத்து

சென்ற வருடம் எமது கல்லூரியின் விஞ்ஞான தின நிகழ்ச்சியில் நான் ஐந்து நிமிடம் பேசினேன். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றிய பேச்சு. அதன் கடைசி வசனம் எனக்கு இன்னும் பாடம். “கரும்பொருள் என்பது வேறொன்றுமில்லை, அது கருந்துளைகளே என விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று சொல்லி முடித்தேன். மண்டபம் கைதட்டியது. இரண்டாம் பரிசும் கிடைத்தது. வாப்பா அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

மேடையிலிருந்து இறங்கியதும் எமது பௌதிகவியல் டீச்சர் என்னை அருகில் அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “கண்டுபிடித்துவிட்டார்கள் என்றீர்களே மகள், யார், எப்போது, எப்படி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இணையத்தில் பார்த்த ஒரு காணொளியில் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவ்வளவுதான்.

பதிலைத் தேடப் போனபோதுதான் என் வசனம் பிழை என்று தெரிந்தது. அன்று மண்டபத்தில் இருந்த தங்கைமார் பலர் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன். அதுவே இக்கட்டுரை. என்னைத் திருத்தியது 12 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள, மிக மங்கலான ஒரு நட்சத்திரக் கொத்து.

கரும்பொருள் என்றால் என்ன?

இரவு வானில் நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பேரூரைச் சேர்ந்தவை. அந்தப் பேரூரின் பெயர் பால்வீதி. இப்படிக் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் தொகுதியைக் கலக்சி என்கிறோம். பிரபஞ்சத்தில் எண்ணற்ற கலக்சிகள் உள்ளன. பால்வீதி போன்ற பெரியவையும் உண்டு. சில ஆயிரம் அல்லது சில இலட்சம் நட்சத்திரங்களே கொண்ட குள்ளக் கலக்சிகளும் உண்டு.

ஒரு கலக்சியில் உள்ள நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று அளந்தால், அவற்றைப் பிடித்து வைத்திருக்க எவ்வளவு திணிவு வேண்டும் என்று கணக்கிடலாம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது வேகம் கூடக் கூடக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பது போலத்தான் இதுவும். 1933ஆம் ஆண்டு பிரிட்ஸ் சுவிக்கி என்பவர் கோமா என்ற கலக்சிக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் செய்தார். அங்குள்ள கலக்சிகளின் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் திணிவு கொஞ்சமும் போதவில்லை. 1970களில் வேரா ரூபின் என்ற அமெரிக்கப் பெண் வானியலாளர் கென்ட் போர்ட் என்பவருடன் சேர்ந்து தனிக் கலக்சிகளை அளந்தபோதும் இதே விடைதான் வந்தது. ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள் பறந்துபோயிருக்க வேண்டும்; ஆனால் போகவில்லை. ஒளி விடாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த “ஏதோ ஒன்றுக்கு” வைத்த பெயர்தான் கரும்பொருள். பிரபஞ்சத்தில் உள்ள மொத்தத் திணிவில் ஆறில் ஐந்து பங்கு அதுவே. நாம், நமது பூமி, சூரியன், வானத்தில் மின்னும் அனைத்தும் சேர்ந்து மீதி ஒரு பங்கு. ஆறில் ஐந்து என்னவென்று தெரியாமல் இருக்கும்போது, “கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று ஒரு மாணவி மேடையில் சொல்வது சின்னப் பிழையில்லை.

கருந்துளை என்ற விடை ஏன் இனித்தது?

என் பிழைக்கும் ஒரு காரணம் இருந்தது. கரும்பொருள் என்பது இருண்ட, கனமான உருண்டைகளின் கூட்டமாக இருக்கலாம் என்பது பழைய எண்ணம். கருந்துளைகளும் ஒளியிழந்த நட்சத்திரங்களும் அப்படிப்பட்டவை. 1990களில் இதைச் சோதிக்க ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். ஓர் இருண்ட உருண்டை தொலைவிலுள்ள நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனால், அதன் ஈர்ப்பு ஒரு வில்லை போல வேலைசெய்து, பின்னாலுள்ள நட்சத்திரத்தைச் சில நாள் அல்லது சில மாதம் பிரகாசமாகக் காட்டும். மகெல்லன் முகில்கள் எனப்படும் அயல் கலக்சிகளில் இலட்சக்கணக்கான நட்சத்திரங்களை வருடக்கணக்கில் கண்காணித்தார்கள். எதிர்பார்த்த அளவு பிரகாசிப்புகள் வரவில்லை. ஆகவே சூரியனை ஒத்த திணிவும் அதைவிடச் சிறிய திணிவும் கொண்ட உருண்டைகள் கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது என்று முடிவாயிற்று. மறுபக்கம், சூரியனைப் போல நூறு மடங்குக்கு மேல் கனமானவை நிறைய இருந்தால், ஒன்றையொன்று தூரத்திலிருந்து சுற்றும் இரட்டை நட்சத்திரங்களை அவை பிரித்துப் போட்டிருக்கும் என்று வேறு சிலர் காட்டினார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் திறந்தே கிடந்தது. ஏறக்குறைய 20 முதல் 100 சூரியத் திணிவு கொண்ட கருந்துளைகள் அந்த வாசலால் உள்ளே வரலாம்.

2015 செப்டெம்பர் 14ஆம் திகதி, அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் முதன்முறையாக ஈர்ப்பு அலையைப் பதிவுசெய்தன. 36 சூரியத் திணிவும் 29 சூரியத் திணிவும் கொண்ட இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த அலை அது. 2016 பெப்ரவரியில் செய்தி வெளியானது. உலகமே வியந்தது. இரண்டு கருந்துளைகளும் சரியாக அந்த வாசலுக்குள் அடங்கும் அளவு! லைகோ கண்டது கரும்பொருளைத்தானா என்று கேட்டு அதே ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் கேள்வியாகத்தான் கேட்டார்கள். காணொளியில் அது விடையாக மாறியது. என் பேச்சில் அது “கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று ஆனது.

ஆற்றின் முடிவில்

இந்த ஜனவரியில் சாச்சாவின் வீட்டுக்குக் கற்பிட்டிக்குப் போயிருந்தோம். பிறை காண்பதற்கு முந்திய இரவு, நிலவு இல்லை. இஷாத் தொழுகைக்குப் பின் தம்பியையும் கூட்டிக்கொண்டு களப்புக் கரைக்கு வந்தேன். தெற்கே மேகம் இல்லாத வானம். நான் தேடியது ஆறு வடிவிலான நட்சத்திரக் கூட்டத்தை. அதன் பெயர் எரிடானஸ். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் காலடியில் தொடங்கி, வளைந்து வளைந்து தெற்கே ஓடும் ஆறு அது.

அந்த ஆற்றில் அக்காமர் என்றும் அக்கெர்னார் என்றும் இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. இரண்டு பெயர்களும் “ஆகிருன் நஹ்ர்”, அதாவது “ஆற்றின் முடிவு” என்ற ஒரே அரபுச் சொற்றொடரிலிருந்து வந்தவை. ஓர் ஆற்றுக்கு இரண்டு முடிவா என்று தம்பி கேட்டான். கிரேக்க நாட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அக்கெர்னார் அடிவானத்துக்கு மேலே வராது. ஆகவே அவர்களுக்கு ஆறு அக்காமரோடு முடிந்தது. பிற்காலத்தில் தெற்கு வானத்தைக் கண்டவர்கள் ஆற்றை நீட்டினார்கள், பெயரும் கூடவே போனது. இலங்கையிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டு முடிவுகளும் தெரியும்.

அக்காமரைக் கண்டுபிடித்து, கையை முன்னே நீட்டி முஷ்டியைப் பிடித்தால், ஏறத்தாழ அந்த ஒரு முஷ்டி அகலத்துக்கு அப்பால்தான் நான் சொல்லும் கொத்து இருக்கிறது. தம்பி உற்றுப் பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே ராத்தா” என்றான். உண்மைதான். கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தைவிடவும் அது ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் மங்கலானது.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு சாச்சா வாசலில் நின்று களப்பைப் பார்த்தார். “ராவு களப்பு அமைதியாத்தான் இருந்திருக்கு” என்றார்.

“எப்படித் தெரியும் சாச்சா? நீங்க தூங்கினீங்கதானே?”

“தோணியப் பாரு மகள். கட்டின இடத்துலயே கிடக்கு. பெரிய போட்டு ஏதாவது போயிருந்தா அந்தச் சின்னக் கயிறு தாங்கியிருக்குமா?”

சில நாட்களாக நான் விளங்கிக்கொள்ள முயன்று கொண்டிருந்த ஒரு முழு ஆய்வுக் கட்டுரையையும் சாச்சா தன்னை அறியாமலே அந்த ஒரு பதிலில் சொல்லிவிட்டார். அது எப்படி என்று சொல்கிறேன்.

கொத்து கிடைத்த கதை

சிலி நாட்டின் மலையுச்சி ஒன்றில் 4 மீற்றர் விட்டமுள்ள பிளாங்கோ தொலைகாட்டி இருக்கிறது. அதில் பொருத்தப்பட்ட கமெரா 570 மெகாபிக்சல் கொண்டது. டார்க் எனர்ஜி சர்வே என்ற திட்டத்துக்காக அது தெற்கு வானத்தைத் துண்டு துண்டாகப் படம்பிடித்தது. அந்தப் படங்களில், நட்சத்திரங்கள் வழமைக்கு மாறாகச் சற்று அதிகமாகத் திரண்டிருக்கும் இடங்களைக் கணினி கொண்டு தேடினார்கள். 2015 மார்ச்சில், ஒன்றையொன்று சாராத இரண்டு குழுவினர் பால்வீதியைச் சூழ்ந்துள்ள புதிய குள்ளத் தொகுதிகளின் பட்டியலை வெளியிட்டார்கள். இரண்டிலும் ஒரு பெயர் இருந்தது: எரிடானஸ் 2.

அதன் நடுப்பகுதியில் சின்னதாக ஒரு பொட்டு தெரிவதையும், அது ஒரு நட்சத்திரக் கொத்தாக இருக்கலாம் என்பதையும் அப்போதே கவனித்தார்கள். நட்சத்திரக் கொத்து என்பது ஒரே இடத்தில் பிறந்து ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு நெருக்கமாக வாழும் நட்சத்திரக் குடும்பம். கலக்சி ஊர் என்றால் கொத்து அந்த ஊரில் ஒரு வளவு. இவ்வளவு சிறிய கலக்சிக்குள் ஒரு கொத்து இருப்பதை அதுவரை யாரும் கண்டதில்லை. 2016இல் டெனியா செர்னோயெவிச் என்ற பெண் வானியலாளரின் தலைமையில் ஒரு குழு, சிலியிலேயே உள்ள 6.5 மீற்றர் மகெல்லன் தொலைகாட்டியால் ஆழமாகப் படம்பிடித்து, அது கொத்துதான் என்று காட்டியது.

அதன் அளவுகளைக் கேட்டால் பாவமாக இருக்கும். கொத்து முழுவதன் ஒளியும் சேர்ந்து நமது சூரியனைப் போல ஏறக்குறைய 2000 மடங்குதான். பால்வீதியில் உள்ள பெரிய கொத்துகள் ஓர் இலட்சம் சூரியன்களுக்கு நிகராக ஒளிர்பவை. தனது சிறிய கலக்சியின் மொத்த ஒளியில்கூட இந்தக் கொத்தின் பங்கு நூற்றுக்கு 4 மட்டுமே. அதன் பாதி ஒளி சுமார் 42 ஒளியாண்டு ஆரைக்குள் அடங்கிவிடுகிறது. இன்று தொலைகாட்டிக்கு வந்து சேரும் அதன் ஒளி புறப்பட்டு 12 இலட்சம் வருடங்கள் ஆகின்றன.

இவ்வளவு அற்பமான ஒன்று கரும்பொருளைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

நான்கு இலட்சம் கருந்துளைகள்

2017இல் டிங் லி என்ற பெண் விஞ்ஞானியின் குழு எரிடானஸ் 2இல் 28 நட்சத்திரங்களின் வேகத்தை அளந்தது. உயர்தர மாணவிகளுக்குத் தெரிந்த டொப்ளர் விளைவுதான் இதற்கு உதவியது. நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி சற்று நீலப் பக்கமும், விலகிப் போகும் நட்சத்திரத்தின் ஒளி சற்றுச் சிவப்புப் பக்கமும் நகரும். கலக்சியின் சராசரி வேகத்திலிருந்து அந்த நட்சத்திரங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் அளவு மாறுபட்டு ஓடுவது தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்த மாறுபாடு விநாடிக்கு ஒரு கிலோமீற்றரைக்கூட எட்டாது. கலக்சியின் உட்பகுதியில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சம் சூரியன்களின் திணிவு இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஒளியோடு ஒப்பிட்டால் திணிவு 400 மடங்குக்கு மேல். அதாவது எரிடானஸ் 2 ஏறக்குறைய முழுவதும் கரும்பொருளால் ஆனது. நட்சத்திரங்கள் அதன் மேல் தூவிய சீனி போல.

இனி என் பேச்சின் கடைசி வசனத்தைச் சோதித்துப் பார்ப்போம். கரும்பொருள் என்பது லைகோ கண்டது போன்ற, 30 சூரியத் திணிவுள்ள கருந்துளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடியே இருபது இலட்சத்தை 30ஆல் வகுத்தால் 4 இலட்சம். அப்படியானால் அந்தச் சிறிய கலக்சியின் உட்பகுதியில் 4 இலட்சம் கருந்துளைகள் எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றின் நடுவில், மெல்லிய ஈர்ப்பினால் மட்டும் கட்டுண்டு, இந்தச் சின்னக் கொத்து.

எமது கல்லூரி இடைவேளையை நினைத்துப் பாருங்கள். தரம் 1 பிள்ளைகள் பத்துப் பேர் கைகோர்த்து வட்டமாக மண்டப வாசலில் நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. பெரிய வகுப்பு மாணவிகள் நூற்றுக்கணக்கில் அந்த வழியால் ஓடுகிறார்கள். ஒருவரும் வேண்டுமென்று தள்ளவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வட்டம் வட்டமாக இருக்காது. அதே வழியால் காற்று வீசினால்? காற்றிலும் கோடானுகோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. எல்லாவற்றின் திணிவையும் கூட்டினால் கொஞ்சமல்ல. ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படுவதால் பிள்ளைகளின் வட்டம் அசையாது.

நட்சத்திரங்களும் கருந்துளைகளும் ஒன்றில் ஒன்று மோதுவது மிக அரிது. அருகால் கடக்கும்போது ஈர்ப்பினால் இழுத்துவிட்டுப் போகும், அதுவே போதும். வாயுக்களின் இயக்கக் கொள்கையில் நாம் படித்ததுதான் இங்கேயும் நடக்கிறது. கனமான துணிக்கைகளும் இலேசான துணிக்கைகளும் கலந்திருந்தால், காலப்போக்கில் அவை இயக்கசக்தியைப் பகிர்ந்துகொள்ளப் பார்க்கும். அப்படிப் பகிரும்போது இலேசானவைதான் வேகம் பெறும். கருந்துளை 30 சூரியத் திணிவு. கொத்திலுள்ள நட்சத்திரம் ஒரு சூரியத் திணிவைவிடவும் குறைவு. ஆகவே ஒவ்வொரு கருந்துளையும் கடந்து போகும்போது நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் வேகத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். கொத்து மெல்ல மெல்ல விரியும். விரிய விரிய அதன் பிடி தளரும். கடைசியில் நட்சத்திரங்கள் கலக்சியோடு கலந்து, கொத்து இருந்த தடமே இல்லாமல் போகும்.

2016இல் திமோதி பிராண்ட் என்ற வானியலாளர் இந்தக் கணக்கைச் செய்து வெளியிட்டார். லைகோ செய்தி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் பெற்ற விடை இதுதான்: சூரியனைப் போல 5 மடங்கோ அதற்கு மேலோ திணிவுள்ள உருண்டைகள் கரும்பொருளின் பெரும்பகுதியாக இருந்திருந்தால், எரிடானஸ் 2இன் கொத்து இன்று நாம் காணும் அளவில் இருக்க முடியாது. எப்போதோ கலைந்திருக்கும்.

ஆனால் கொத்து இருக்கிறது. தோணி கட்டிய இடத்திலேயே கிடக்கிறது. திறந்து கிடந்த அந்த வாசலைச் சாத்தியது அதுதான்.

அதன் மங்கலே அதன் பலம் என்பதையும் கவனியுங்கள். பெரிய, பிரகாசமான கொத்து ஒன்றாக இருந்திருந்தால் அதன் சொந்த ஈர்ப்பே அதை இறுக்கிப் பிடித்திருக்கும். கருந்துளைகள் கடந்தாலும் அசைந்திருக்காது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய கப்பல் அசையாமல் நிற்பதைப் பார்த்து இரவில் அலை இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னத் தோணிதான் சொல்லும்.

எதிர்க்கேள்விகள்

இந்த முறை நான் கைதட்டலோடு நிறுத்தவில்லை. டீச்சரின் கேள்வியை நானே என்னிடம் கேட்டேன்: இந்த விடைக்கு எதிராக என்ன சொல்லலாம்?

முதலாவது கேள்வி, அந்தக் கொத்து உண்மையில் எரிடானஸ் 2ஐச் சேர்ந்ததா? வேறெங்கோ முன்னால் இருப்பது அந்தத் திசையில் தெரிகிறதா? 2020இல் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் 8.2 மீற்றர் தொலைகாட்டியில் மியூஸ் என்ற கருவியைக் கொண்டு கொத்திலுள்ள நட்சத்திரங்களின் வேகத்தையே அளந்தார்கள். கலக்சி எந்த வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தில் கொத்தும் நகர்ந்தது. அது அந்த ஊர்க் குடும்பம்தான்.

இரண்டாவது, கொத்து அண்மையில் பிறந்ததாக இருந்தால்? கலைவதற்கு அதற்கு இன்னும் நேரம் கிடைக்காமல் இருந்திருக்கலாமே! நேற்று மாலை கட்டிய தோணி ஒரு வருடத்து அலையைப் பற்றிச் சாட்சி சொல்லாது. 2021இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்கள் இதற்குப் பதில் தந்தன. எரிடானஸ் 2இன் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சுமார் 1300 கோடி வருடங்களுக்கு முன்பே பிறந்துவிட்டன. கொத்தும் அவ்வாறே பழையது. பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1380 கோடி வருடங்கள். இந்தச் சின்னத் தோணி ஏறக்குறைய காலம் முழுவதும் அந்தக் களப்பில் கிடந்திருக்கிறது.

மூன்றாவது, கலக்சியின் மையத்தில் ஒரு பெரிய கருந்துளை இருந்து, அது கொத்தைத் தன் பிடியில் வைத்துக் காத்திருக்கலாம் அல்லவா? இது நியாயமான கேள்வி. டிங் லியின் குழுவே இதை எழுப்பியது. அப்படி இருந்தால் கொத்தின் சாட்சியம் சற்றுப் பலவீனமாகும். ஆனால் பிராண்ட் ஒரே சாட்சியை மட்டும் நம்பி இருக்கவில்லை. கொத்து எதுவும் இல்லாத வேறு பல மங்கலான குள்ளக் கலக்சிகளையும் அவர் பார்த்தார். கருந்துளைகள் நிறைந்திருந்தால் அந்தக் கலக்சிகளின் நட்சத்திரங்களும் இன்று காண்பதைவிட அகலமாகப் பரவியிருக்க வேண்டும். அவை பரவவில்லை. சாட்சிகள் பலர், சொல்வது ஒன்று.

அப்படியானால் கரும்பொருள் எது?

இங்கேதான் நான் மிகக் கவனமாக எழுத வேண்டும். கொத்து சொல்வது, “கனமான கருந்துளைகள் கரும்பொருள் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ இருக்க முடியாது” என்பது மட்டும்தான். அதில் ஒரு சிறு பங்கு அத்தகைய கருந்துளைகளாக இருக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. சிறுகோள் அளவு திணிவுள்ள நுண்ணிய கருந்துளைகளைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை. அவை இன்னும் ஆராயப்படுகின்றன. பெரும்பாலான விஞ்ஞானிகள் கரும்பொருள் இதுவரை பிடிபடாத ஒரு நுண்துணிக்கை என்று கருதித் தேடிவருகிறார்கள். இடைவேளை மண்டபத்தில் வீசும் காற்றைப் போல, ஒவ்வொன்றும் மிகச் சிறியதாக இருந்தால் கொத்து கலையாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் துணிக்கை இன்னும் எவர் கையிலும் அகப்படவில்லை.

ஆகவே சென்ற வருடத்து என் கடைசி வசனத்தை இப்படித் திருத்துகிறேன்: “கரும்பொருள் என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அது எதுவாக இருக்க முடியாது என்பதில் ஒரு பகுதி தெரியும். அதைக் காட்டியது, எரிடானஸ் 2 என்ற குள்ளக் கலக்சியில் கலையாமல் இருக்கும் ஒரு மங்கலான கொத்து.” இந்த வசனத்துக்குக் கைதட்டல் குறைவாகத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யார், எப்போது, எப்படி என்று டீச்சர் கேட்டால் இந்த முறை என்னிடம் பதில் இருக்கிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்து முதலில் வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றுவோமா என்று கேட்டேன். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அது இருக்கட்டும் மகள். சஞ்சிகை வந்தபிறகு இந்தக் கட்டுரையையும் வெட்டி, பக்கத்தில் மாட்டுவோம்” என்றார்.

அடுத்த ஜனவரியில், நிலவில்லாத ஓர் இரவில், இஷாவுக்குப் பின் தெற்கே பாருங்கள். ஓரியனின் காலடியிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் அக்காமர் வரும். அங்கிருந்து ஒரு முஷ்டி தூரம். அங்கே உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.